44ஆம் நாள் ஸ்கேன்: இப்போதே எடுப்பதா, கொஞ்சம் பொறுப்பதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இது முதல் கர்ப்பம். கடைசி மாதவிடாய் தொடங்கி இன்றோடு 44 நாள். வீட்டில் பார்த்த கார்டில் இரண்டு கோடு. வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. உங்களுக்கு மாதவிடாய் எப்போதுமே 35 முதல் 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். மருத்துவர் உடனே ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் மாமியார், மூன்று மாதம் முடியாமல் ஸ்கேன் எடுக்கக் கூடாது, அந்தச் சூடு கருவுக்கு ஆகாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஸ்கேனால் கருவுக்குக் கெடுதல் உண்டா என்பது ஒன்று. இப்போதே எடுத்தால் என்ன தெரியும் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்குப் பதில் முழுக்க அந்த 35-40 நாள் கணக்கில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். கிளினிக்கில் சொன்னீர்களா என்று எழுதவில்லை.

நான் மகப்பேறு மருத்துவர். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் பல வருடம், பிறகு தனியாக ஒரு சின்ன கிளினிக். உங்களைப் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் மாமியாரின் பயம். அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி அலை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போல கதிர்வீச்சு இதில் கிடையாது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் 1958இல் முதல் படங்களை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை பல கோடிக் கர்ப்பங்களில் இது பயன்பட்டிருக்கிறது. முறையாக எடுத்த சாதாரண ஸ்கேனால் கரு கலைந்தது, குறையோடு குழந்தை பிறந்தது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சூடு என்று அவர் சொல்வதை வெறும் மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். ஒலி அலை திசுவில் பட்டால் கொஞ்சம் வெப்பம் உண்டாவது உண்மைதான். அதனால்தான் ஸ்கேன் மெஷின் திரையின் ஓரத்தில் டி.ஐ. என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். அது வெப்பத்துக்கான அளவுகோல். வழக்கமான கறுப்பு வெள்ளைப் படத்தில் இது மிகக் குறைவு. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் முறையில் கூடும். ஆகவே முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமல் டாப்ளர் போடக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட விதி. இதயத் துடிப்பை எண்ண எம்-மோட் என்ற வேறு முறை இருக்கிறது, அது போதும். "துடிப்புச் சத்தம் கேட்க வேண்டும், போட்டுக் காட்டுங்க" என்று ஆறாவது ஏழாவது வாரத்தில் தயவுசெய்து கேட்காதீர்கள். பெரும்பாலும் அந்தச் சத்தம் டாப்ளரிலிருந்துதான் வரும். திரையில் துடிப்பதைக் கண்ணால் பார்த்தால் போதாதா?

ஆய்வுகளில் சந்தேகத்தைக் கிளப்பியவையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கருவில் ஸ்கேன் எடுக்கப்பட்ட குழந்தைகளில் வலது கைப் பழக்கம் இல்லாதவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். அந்தத் தொடர்பு பலவீனமானது. அதே குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியிலும் பள்ளிப் படிப்பிலும் குறை தென்படவில்லை. 2006இல் அமெரிக்காவில் கருவுற்ற எலிகளுக்கு அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஒலி அலை செலுத்திப் பார்த்தபோது, குட்டிகளின் மூளை செல்கள் சில போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எலியின் மூளை எவ்வளவு சின்னது, நம் ஸ்கேன் எத்தனை நிமிடம் என்று யோசித்தால் அதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் தேவைக்கு மட்டும், குறைந்த நேரம், குறைந்த சக்தியில் எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு இந்த மாதிரிக் கவலைகளிலிருந்து வந்ததுதான். கெடுதல் என்பதற்கு ஆதாரமில்லை. விளையாட்டாக எடுக்கக்கூடியதும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கணக்கு. வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்கும். 28 நாள் சுழற்சி, 14ஆம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவருகிறது என்ற அனுமானத்தில் போடும் கணக்கு அது. அதன்படி 44 நாள் என்றால் 6 வாரம் 2 நாள். ஆனால் 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாள் வாக்கில் வெளிவரும். 40 நாள் சுழற்சி என்றால் 26ஆம் நாள் வாக்கில். அதாவது உங்கள் கரு காகிதக் கணக்கைவிட ஒன்று முதல் ஒன்றே முக்கால் வாரம் இளசு. உண்மையான வயது நாலரை வாரத்துக்கும் ஐந்தே கால் வாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அந்த வயதில் ஸ்கேனில் என்ன தெரியும்? பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற உள் ஸ்கேனில் நாலரை, ஐந்து வாரத்தில் கர்ப்பப்பைக்குள் சின்ன வட்டமாகப் பை மட்டும் தெரியலாம். ஐந்தரை வாரம் வாக்கில் அதற்குள் யோக் சாக் என்கிற மோதிரம் போன்ற வளையம். ஆறு வாரத்தை ஒட்டிக் கருவும் துடிப்பும். வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற ஸ்கேனில் இவை எல்லாமே ஒரு வாரம் போலத் தள்ளித்தான் தெரியும். ஆக, இன்று நீங்கள் போய்ப் படுத்தால் ஒன்றுமே தெரியாமல் போகலாம், அல்லது வெறும் பை தெரியலாம். இரண்டுமே உங்கள் தேதிக்குச் சரியான படம்தான். ஆனால் ரிப்போர்ட்டில் மேலே "6 வாரம் 2 நாள்" என்று எழுதி, கீழே "கரு காணப்படவில்லை, துடிப்பு இல்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்று முடித்திருப்பார்கள். அந்த இரண்டு வாரம் வீடு இருக்கும் நிலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, தெரிந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். மறு ஸ்கேனில் ஜம்மென்று துடிப்பு இருக்கும். அந்தப் பதற்றம் எதற்காக?

பதற்றத்தோடு நின்றாலும் பரவாயில்லை. அவசரப்பட்டு "வளர்ச்சி இல்லை, கலைத்துவிடலாம்" என்று முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து. இதைத் தடுக்கவே சில கறாரான அளவுகள் வைத்திருக்கிறோம். உள் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லை என்றால், அல்லது பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு இல்லை என்றால், அப்போதுதான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் குறைவான எந்த அளவிலும் விடை "இன்னும் தெரியவில்லை" என்பதுதான். ஒரு வாரம், பத்து நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். யாராவது சிறிய அளவை வைத்துக்கொண்டு மாத்திரை எழுதினால், அந்த மில்லிமீட்டர் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், இன்னொரு இடத்தில் காட்டுங்கள். வலியும் அதிக ரத்தப்போக்கும் இல்லாதபோது சில நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

அப்படியானால் உங்கள் மருத்துவர் ஏன் உடனே எடுக்கச் சொன்னார்? வெறும் வியாபாரம் என்று சிலர் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அறைக்குள்ளேயே மெஷின் இருந்தால் கை தானாக அதை நோக்கிப் போகும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குழாய் கர்ப்பம் வெடித்து, வயிறு நிறைய ரத்தத்தோடு நாடி கிடைக்காமல் தூக்கிவரப்பட்ட பெண்ணை ஒருமுறை பார்த்த எந்த மருத்துவருக்கும், கரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறவரை நிம்மதி இருக்காது. கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு தங்குவது 100 கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் நடக்கிறது. சிறுநீர்க் கார்டில் அதற்கும் இரண்டு கோடுதான் வரும்.

அதனால் சிலருக்கு நான் ஒரு நாள்கூடப் பொறுக்கச் சொல்ல மாட்டேன். அடிவயிற்றில், முக்கியமாக ஒரு பக்கமாக, விடாத வலி, கறுத்த நிறத்தில் கசிவு, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி. இதில் எது வந்தாலும், எத்தனையாவது நாளாக இருந்தாலும், இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை அது. அறிகுறி இல்லாவிட்டாலும், முன்பு குழாய் கர்ப்பம் வந்தவர்கள், குழாயில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், காப்பர் டி உள்ளே இருக்கும்போதே நாள் தள்ளியவர்கள், செயற்கைக் கருத்தரிப்பில் உண்டானவர்கள் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு நாள் தள்ளினால் "அதுதான் ஆபரேஷன் பண்ணியாச்சே" என்று சும்மா இருக்கக் கூடாது. அப்படி அரிதாகத் தரிக்கும் கர்ப்பம் குழாயில் நிற்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். முதல் குழந்தை சிசேரியன் என்றால், ஆறு ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் நல்லது. பழைய தையல் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்வது அபூர்வம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அந்த வாரங்கள்தான் தோதானவை; நாள் போகப் போக படத்தில் அடையாளம் மங்கும், ஆபத்து கூடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 100க்கு 45 பிரசவங்கள் சிசேரியன். அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது நம் ஊரில் இது ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை.

உள் ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது சிலருக்கு பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையை 48 மணி நேரம் இடைவெளி விட்டு இருமுறை எடுப்போம். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, ஏறுகிற வேகம்தான் முக்கியம். அந்த எண்ணை இணையத்து அட்டவணைகளோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆரோக்கியமான கர்ப்பங்களிலேயே ஆளுக்கு ஆள் அது மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசப்படும்.

இனி, பிரச்சினை எதுவும் இல்லாத உங்களுக்கு ஆரம்ப ஸ்கேனால் என்ன லாபம்? என்னைக் கேட்டால் பெரிய லாபம் தேதி. ஹியூ ராபின்சன் என்ற மருத்துவர், அவரும் கிளாஸ்கோவில் வேலை பார்த்தவர்தான், 1973இல் கருவின் தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வயதைச் சொல்லலாம் என்று காட்டினார். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், இந்த அளவு ஐந்து முதல் ஏழு நாள் முன்பின்னாகத் தேதியைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் வாகில் வளரும். கடைசி மூன்று மாதத்தில் எடுக்கிற ஸ்கேன் மூன்று நாலு வாரம்கூடத் தவறலாம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு இதில் அதிக வித்தியாசம் வராது. உங்களுக்கு வரும். காகிதத் தேதியை நம்பிக்கொண்டிருந்தால் ஒன்பதாம் மாதக் கடைசியில் "நாள் கடந்துவிட்டது, மருந்து வைத்து வலி வரவைக்கலாம்" என்பார்கள். உண்மையில் குழந்தைக்கு இன்னும் ஒரு வாரமோ அதற்கு மேலோ பாக்கி இருக்கலாம். நடுவில் ஒரு ஸ்கேனில் "குழந்தை எடை குறைவு, வளர்ச்சி போதவில்லை" என்று வேறு பயமுறுத்துவார்கள். குழந்தை சரியாகத்தான் வளர்ந்திருக்கும், தேதிதான் தவறாக இருக்கும்.

இன்னொரு லாபம் இரட்டைக் குழந்தை. இரட்டை என்று பின்னால்கூடத் தெரிந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே நச்சுக்கொடியைப் பங்கு போடுகின்றனவா, தனித்தனியா என்பது 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். ஒரே நச்சுக்கொடி என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். வைத்தியமே வேறு.

அடுத்து சந்தேகமான பகுதி. நல்லபடியாக இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் குழந்தை இறப்பு குறைகிறதா? அப்படி நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 1993இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமாக ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் எடுத்தவர்களுக்கும் குழந்தையின் நலத்தில் வித்தியாசம் வரவில்லை. அதில் முதல் ஸ்கேனே 15 வாரத்துக்குப் பிறகுதான் என்பதால், உங்கள் கேள்விக்கு அது நேரடியான பதில் ஆகாது. மற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரட்டைக் குழந்தை தவறாமல் தெரிகிறது என்பது உறுதி. நாள் கடந்ததாகச் சொல்லி வலி வரவைப்பது சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் பெரிய மாற்றம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது, 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்று மட்டும்தான். ஐந்தாவது வாரத்தில் எடுங்கள் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

ஸ்கேனால் முடியாத இன்னொன்றும் உண்டு. சீக்கிரம் எடுப்பதால் கருச்சிதைவைத் தடுக்க முடியாது. தெரிய வந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைகின்றன. பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால். ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பப்பாளி தின்றாலும் தின்னாவிட்டாலும் அவை கலையத்தான் செய்யும். ஆனால் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. சீக்கிரம் ஸ்கேன், அதில் பைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தக் கட்டு, உடனே புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் மாத்திரை, முழு ஓய்வு. படுக்கையில் கிடப்பதால் கரு காப்பாற்றப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. புரோஜெஸ்ட்ரானைப் பொறுத்தவரை, பிரிட்டனில் ஆரம்ப ரத்தப்போக்கு இருந்த 4,153 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. ஒட்டுமொத்தமாகப் பலன் உறுதிப்படவில்லை. ஆனால் முன்பு கருச்சிதைவு ஆகி, இப்போதும் ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு ஓரளவு பலன் தென்பட்டது. உங்களுக்கு இரண்டும் இல்லை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், உங்கள் இடத்தில் என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தால் நான் சொல்வது இதுதான். இன்று வேண்டாம். வலியோ ரத்தப்போக்கோ வராதவரை இன்னும் இரண்டரை வாரம் பொறுங்கள். அப்போது காகிதக் கணக்கில் கிட்டத்தட்ட 9 வாரம், கருவின் கணக்கில் 7 அல்லது 8. கரு எங்கே இருக்கிறது, துடிப்பு உண்டா, ஒன்றா இரண்டா, தேதி என்ன என்ற நாலு கேள்விக்கும் ஒரே ஸ்கேனில் பதில் வந்துவிடும். அடுத்தது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கிற என்.டி. ஸ்கேன். கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவையும் ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கான வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். அதற்கும் தேதி சரியாக இருந்தால்தான் அர்த்தம். முதல் ஸ்கேனைத் தவிர்த்துவிட்டு நேரடியாக 12ஆம் வாரத்தில் இதை மட்டும் எடுக்கலாமா என்றால், ஒழுங்கான மாதவிடாயும் எந்த ஆபத்துக் காரணமும் இல்லாதவர்கள் எடுக்கலாம். பல நாடுகளில் அதுதான் வழக்கம். உங்கள் சுழற்சியை வைத்து அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாமியார் சொல்கிற "மூன்று மாதம் முடிந்து" என்பதில் ஒரு சிக்கல், 14 வாரம் தொட்டுவிட்டால் என்.டி. ஸ்கேனுக்கான நேரமும் போய்விடும். அவரையும் ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போக முடிந்தால் போங்கள். நான் விளக்கிச் சொல்வதைவிடத் திரையில் அந்தத் துடிப்பு அவரிடம் நன்றாகப் பேசும்.

எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம். "எனக்கு 40 நாளைக்கு ஒருமுறைதான் வரும் டாக்டர், கொஞ்சம் தள்ளி எடுக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே சரி என்பார். இல்லை, இப்போதே வேண்டும் என்றால் காரணம் இருக்கலாம். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் அவர், நான் இல்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள், வெறும் பை மட்டும் தெரியலாம் என்ற எதிர்பார்ப்போடு போங்கள்.

உள் ஸ்கேன் பற்றிக் கூச்சம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். அது கர்ப்பப்பைக்குள் போவதில்லை, வாயோடு நின்றுவிடும், கருவைக் கலைக்காது. புது உறை போட்டிருக்கிறார்களா என்று கேட்கலாம், பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும் என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உள் ஸ்கேனுக்கு சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், வயிற்றின் மேல் எடுப்பதற்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஃபார்ம் எஃப் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாலினம் அறியும் நோக்கம் இல்லை என்பதற்கான உறுதிமொழி அது, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்.

ஸ்கேன் தள்ளிப்போகிறது என்பதற்காக மற்றவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்குங்கள். குழந்தையின் முதுகுத் தண்டு உருவாகிற வாரங்கள் இவை, ஸ்கேனைவிட இதுதான் இப்போது அவசரம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிந்து பிக்மி எண் என்கிற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி வேண்டுமென்றாலும் சீக்கிரம் பதிவது நல்லது. ரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்கவும் ஸ்கேன் தேவையில்லை.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும், அதில் கருவின் நீளம் மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதை வைத்துப் பிரசவத் தேதியைத் திருத்தி, தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஏழாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் எடுக்கிற ஸ்கேன்களில் மெஷின் ஒவ்வொரு தடவையும் புதுத் தேதி ஒன்றை அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்து யாராவது தேதியை மாற்றப் போனால், முதல் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுங்கள்.